வாசலில் நிற்பது மஞ்சக்கடம்புதானா? கடைசலுக்கு ஆகுமா?

நாகமலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றி விவரம் வேண்டும். 2003-ல் வீடு கட்டி முடித்த கையோடு ஒரு நர்சரியில் கன்று வாங்கி வைத்தோம். அழகுக்கும் நிழலுக்கும்தான். "மஞ்சக்கடம்பு" என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் இத்தனை வருஷமாக அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது நெஞ்சுயரத்தில் சுற்றளவு 5 அடி.

போன வாரம் அடித்த கோடை மழையில் பெரிய கிளை முறிந்து பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு மேல் சாய்ந்துவிட்டது. அடிமரத்திலும் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. பார்த்தவர்கள் எல்லாரும் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள், அந்த வீட்டில் குழந்தைகள் விளையாடுவதால் எனக்கும் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. மதுரையில் இருந்துகொண்டு கடம்பை வெட்டுவதா என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடம்பவனம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. பழைய கடம்பின் பட்டுப்போன அடிமரத்தைக் கூட கோயில் பிரகாரத்தில் காத்து வைத்திருக்கிறார்கள். அதனால் அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: ஒரு துண்டு கூட விறகாகப் போகாது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் சின்ன லேத் ஒன்று வாங்கினேன். ஒன்றரை வருஷமாக வேம்பிலும் கொய்யாவிலும் பம்பரம், சப்பாத்திக் குழவி, சின்னக் கிண்ணம் என்று கடைந்து பழகுகிறேன். இந்த மரம் கடைசலுக்கு நிற்குமா? வெட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்? படங்கள் ஐந்து போட்டிருக்கிறேன்.

மேலூர்_தோப்பு

அண்ணே, கடம்புன்னா தீப்பெட்டிக் கட்டை, பிளைவுட்டுக்குத்தான் போகும். எங்க தோப்புல நாலு நின்னுச்சு, எடைக்குத்தான் எடுத்தாங்க. லேத்துல போட்டா பஞ்சு மாதிரி பிய்யும். பெருசா ஆசை வச்சிராதீங்க.

அம்பை_கடைசல்

அண்ணாச்சி, வணக்கம். மேலூர் தம்பி சொல்லுதது வேற கடம்பு. நீங்க சொல்லுத மஞ்சக்கடம்பு நெசமாவே மஞ்சக்கடம்பா இருந்துச்சுன்னா வெட்டுத அன்னைக்கு நான் பஸ் ஏறி வந்துருவேன்.

எங்க ஊரு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பூராம் ஒரு காலத்துல அந்த மரம்தான். அம்மி, உரல், உலக்கை, குடம், திருகை எல்லாம் கட்டைவிரல் உயரத்துல கடைஞ்சு, அரக்குப் போட்டு, ஓலைப்பெட்டியில அடுக்கிக் குடுப்போம். எங்க ஐயா பட்டறையில மஞ்சக்கடம்புச் சீவல் கெடந்தா தரையே மஞ்சத்தூள் கொட்டுன மாதிரி இருக்கும். நார் தெரியாது, உளி வச்ச எடம் பளிங்கு மாதிரி வரும், ஊசி மொனை அளவுக்குக் கொண்டை வச்சாலும் ஒடையாது. மில்லுல நூல் சுத்துத பாபினுக்கும் அந்தக் கட்டையத்தான் கேப்பாவ. மலையில மரம் வெட்டக் கூடாதுன்னு ஆனப்புறம் கெடச்ச மரத்துல ஓட்டுதோம்.

அதனால அவசரப்படாதீங்க. முதல்ல மரம் எதுன்னு உறுதி பண்ணுங்க. இலைநரம்பு டீச்சர் பாத்தாவன்னா சொல்லிருவாவ.

இலைநரம்பு

அழைத்ததற்கு நன்றி அண்ணாச்சி. ஐயா, முறிந்த கிளையின் படத்தில் இலை சுருண்டு கிடப்பதால் அதை வைத்து முடிவு சொல்ல எனக்கு விருப்பமில்லை. நர்சரியில் சொன்ன பெயரையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கன்றாக இருக்கும்போது பெயர் மாறிப்போவது சர்வ சாதாரணம்.

"கடம்பு" என்று நம் பக்கம் குறைந்தது நான்கு மரங்களைச் சொல்கிறோம். ஊர் முழுக்க அழகுக்கு வளர்க்கும் கடம்பு, அதாவது நியோலமார்க்கியா கடம்பா. மஞ்சக்கடம்பு, ஹால்டினா கார்டிஃபோலியா. நீர்க்கடம்பு, மித்ராகைனா பார்விஃபோலியா. இந்த மூன்றும் காபிச் செடியின் குடும்பம். மூன்றுக்கும் பூ உருண்டையாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். நான்காவது செங்கடம்பு, அது வேறு குடும்பம். நீர்க்கரையில் நின்று சிவப்புச் சரமாகப் பூக்கும், உங்களுடையது அது இல்லை.

நாளைக் காலை வெயில் ஏறும் முன் மூன்றே மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, நன்றாக விரிந்த, முற்றிய இலை. காம்பு சேரும் இடத்தில் பூவரசு இலை போல இதய வடிவில் உள்வாங்கியிருக்கிறதா, அல்லது வட்டமாக முடிகிறதா? மஞ்சக்கடம்பு என்றால் இதய வடிவம்.

இரண்டு, கிளை நுனியின் குருத்து மொட்டு. இதைத்தான் நான் பூவை விடவும் நம்புவேன், ஏனென்றால் இது வருஷம் முழுக்க இருக்கும். மஞ்சக்கடம்பில் இரண்டு சிறு செதில்கள் உள்ளங்கைகளைச் சேர்த்துக் கும்பிட்டது போலத் தட்டையாக ஒட்டியிருக்கும். சாதாரணக் கடம்பில் கூம்பாக, எழுதுகோல் முனை போல இருக்கும்.

மூன்று, போன மழைக்காலத்துப் பூ நினைவிருந்தால் அதன் பருமன். நெல்லிக்காய் அளவா, எலுமிச்சை அளவா? கிளை நுனியில் ஒற்றையாக வந்ததா, இலைக் கக்கத்தில் காம்போடு ஒன்று இரண்டாக வந்ததா?

நாகமலைக்காரன்

டீச்சர், காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். இலை பெரியது, என் ஒரு சாணுக்கு மேல் இருக்கிறது. மேல்பக்கம் வழவழப்பு, நரம்பெல்லாம் அடிப்பக்கம் எடுப்பாகத் தெரிகிறது. காம்பு சேரும் இடத்தில் வட்டமாகத்தான் முடிகிறது. பத்து இலை புரட்டினேன், ஒன்றில் கூட இதயம் இல்லை.

குருத்து கூம்புதான். நீங்கள் சொன்ன அதே எழுதுகோல் முனை. கையில் உருட்டிப் பார்த்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

பூ பெரிய எலுமிச்சை அளவு. ஆரஞ்சு உருண்டை, அதன் மேல் குண்டூசி குத்தியது போல வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டு நிற்கும், கிளை நுனியில் ஒற்றையாக. ஆடி மழைக்குப் பிறகு காலையில் வாசல் முழுக்க மணக்கும். பழம் சதைப்பற்றாக இருக்கும், ராத்திரி வௌவால் வந்து பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும். முறிந்த கிளையின் வெட்டுமுகத்தையும் இழைத்துப் பார்த்தேன். நடு முதல் பட்டை வரை ஒரே பால் நிறம். உள்ளே வயிரம், வெளியே வெளிறு என்ற பிரிவே இல்லை.

இலைநரம்பு

அப்படியானால் சந்தேகமே இல்லை ஐயா, இது நியோலமார்க்கியா கடம்பா. மஞ்சக்கடம்பின் காய் சதையாகவும் இருக்காது, காய்ந்து வெடிக்கும்.

நர்சரி சொன்னது தவறு என்றாலும் அம்மாவிடம் வருத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடம்பம்பூ மாலை என்று நாம் மனதில் வைத்திருக்கும் அந்த உருண்டைப் பூ இந்த மரத்தினுடையதுதான்.

அம்பை_கடைசல்

ராத்திரியே டிக்கெட் பாத்துட்டேன் அண்ணாச்சி, அதைச் சொல்லாம இருக்க முடியல. பரவாயில்ல. மரம் எதுவோ அதுதான்.

உள்ளதைச் சொல்லுதேன். இந்தக் கடம்பு கடைசலுக்கு ரெண்டாந்தரத்துக்கும் கீழ. மஞ்சக்கடம்பு காஞ்சா ஒரு கன மீட்டருக்கு 650, 700 கிலோ நிக்கும். இது ரொம்ப லேசு, நார் தளர்ச்சி. குறுக்குவாட்டுல உளி போனா முடி மாதிரி எழும்பும், உப்புத்தாள் போட்டா அமுங்கிப் படுக்கும், பாலிஷ் பட்டதும் திரும்பவும் எந்திரிக்கும். ஆனா கடையவே முடியாதுன்னு இல்ல, வழி இருக்கு, பொறவு எழுதுதேன்.

இப்ப எனக்கு வேற ஒண்ணு சொல்லணும். உங்க நாலாவது படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. முறிஞ்ச கிளைக்குப் பின்னாடி, வேலி ஓரமா, வெள்ளப்பூ கொத்துக் கொத்தா ஒரு மரம் நிக்குது. அதுல ரெண்டு ரெண்டா நீளமாத் தொங்குதே, அது என்ன காய்? ரெண்டும் நுனியில ஒட்டியிருக்கா பாருங்க. அது நான் நெனைக்கிற மரம்னா உங்களுக்கு யோகம்தான்.

நாகமலைக்காரன்

அண்ணாச்சி, அதுவா? அது யாரும் வைக்காமல் தானாக முளைத்தது. நாகமலை அடிவாரத்தில் இந்த மரம் அங்கிட்டும் இங்கிட்டும் நிற்கும். கொத்தாக நான்கைந்து தண்டு, ஒன்று தொடைக் கனத்தில் வேலியைத் தள்ளிக்கொண்டு சாய்ந்திருக்கிறது. கடம்போடு அதையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தேன்.

காய் ஜோடிதான். பச்சைக் காயில் நுனி இரண்டும் ஒட்டி ஒரு வளையம் மாதிரி இருக்கிறது. இலையைக் கிள்ளினேன், பால் வந்தது. பூ நட்சத்திரம் மாதிரி ஐந்து இதழ், நடுவில் பஞ்சு பிரித்தது போல ஒரு குஞ்சம். மல்லிகை வாசம்.

தெப்பக்குளத்து_அக்கா

வெட்பாலைங்க அது! தயவு செஞ்சு மொத்தமா எடுத்துராதீங்க. அந்த இலைக்காக நான் அழகர்கோவில் வரைக்கும் போய்ட்டு வர்றேன்.

சந்தேகம் இருந்தா இதைச் செய்ங்க. ஒரு கைப்பிடி இலையைப் பிச்சுக் கண்ணாடிப் பாட்டில்ல போட்டு, மூழ்குற அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊத்தி மொட்டைமாடி வெயில்ல வைங்க. இலையை இரும்புக் கத்தியில வெட்டாம கையாலதான் பிய்க்கணும்னு எங்க பாட்டி சொல்லும். ரெண்டு மூணு நாள்ல எண்ணெய் ஊதாக் கலரா மாறும். பொடுகுக்கும் தோல் செதில் உதிர்றதுக்கும் சித்த வைத்தியத்துல அந்த எண்ணெயத்தான் தடவச் சொல்லுவாங்க. வேற எந்தப் பாலையிலயும் எனக்கு அந்த ஊதா வந்ததில்ல.

இலைநரம்பு

அக்கா சொன்னது நல்ல சோதனை. இந்த மரத்தின் பெயரே ரைட்டியா டிங்க்டோரியா, இரண்டாவது சொல் சாயத்தைக் குறிப்பது. இலையில் இருந்து நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். ஐயா சொன்ன அந்தக் குஞ்சம்தான் எனக்கு உறுதி. குடசப்பாலைக்கும் வெள்ளைப் பூ, ஜோடிக் காய், பால் எல்லாம் உண்டு. ஆனால் அதன் பூ நடுவில் குஞ்சம் கிடையாது, காய் மெலிந்து தனித்தனியாகத் தொங்கும், இலையும் இதை விடப் பெரிது. உங்களுடையது வெட்பாலை. தந்தப்பாலை என்றும் சொல்வார்கள், ஏன் தந்தம் என்று அண்ணாச்சி சொல்வார்.

அம்பை_கடைசல்

சொல்லாம இருப்பேனா டீச்சர். உள்ள மரம் யானைத் தந்தம் மாதிரி வெள்ள. கர்நாடகத்துல சென்னபட்டணா பொம்மை கேள்விப்பட்டிருப்பிய, ராமநகரம் பக்கம். அவ்வோ தலைமுறை தலைமுறையா கடையுதது பெரும்பாலும் இந்த மரத்துலதான். அவ்வோ பாஷையில ஆலெ மரம். வெள்ள மரம்கிறதால அரக்குல என்ன நெறம் ஏத்துனாலும் அந்த நெறம் அப்படியே நிக்கும். நார் நெருக்கம், உளிக்கு எதமா இருக்கும்.

அண்ணாச்சி, பெரிய மரத்தைப் பாத்துட்டு வேலிய உட்டுட்டிய. ஆனா மொத்தத்தையும் வெட்டாதீங்க. அந்தச் சாஞ்ச தண்டு ஒண்ண மட்டும் எடுங்க, தரையில இருந்து ஒரு சாண் உட்டு. அடியில இருந்து திரும்பத் துளுக்கும்.

பசுமலை_தச்சு

அண்ணே, நான் நாப்பது வருசமா தச்சு வேலை. வெட்பாலையில நான் பட்டதைச் சொல்றேன், நீங்க படக் கூடாது.

ஒரு ஐப்பசியில எனக்கு நல்ல உருட்டுக்கட்டை எட்டுத் துண்டு கெடச்சுச்சு. மழைக்குப் பயந்து பட்டையோட அடுக்கி மேல பாலித்தீன் போட்டு மூடிட்டேன். பதினஞ்சு நாள் கழிச்சுப் பிரிச்சா உள்ள புழுக்கம், கையில ஈரம் ஒட்டுது. ஒண்ண இழைச்சேன். வெள்ளையா இருக்க வேண்டிய மரத்துல மை கொட்டுன மாதிரி நீலக்கறை, நடு வரைக்கும். எவ்வளவு கடைஞ்சாலும் போகல. எட்டும் போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

அது பூசணம்ணே. வெளுத்த மரம் எல்லாத்துக்கும் அந்தக் கெதி உண்டு. ஈரமும் சூடும் காத்தில்லாத எடமும் சேந்தா வந்துரும். அதனால வெட்டுன அன்னைக்கே பட்டைய உரிச்சிருங்க. ரெண்டு முனையிலயும் உருக்குன மெழுகு, இல்லாட்டி வெள்ளப் பசை ரெண்டு கோட்டு. முனை வழியாத்தான் தண்ணி வெரசாப் போகும், அங்கதான் முதல்ல வெடிக்கும். அப்புறம் நிழல்ல, காத்தோட்டமா, கட்டைக்குக் கட்டை ஒரு விரல் எடைவெளி விட்டு நிறுத்தி வைங்க. வெயில்ல போட்டுராதீங்க. உங்களுக்கு இப்ப வைகாசிக் காத்து இருக்கு, நல்ல நேரம்.

மேலூர்_தோப்பு

எங்க கரையில இந்த மரம் பத்துப் பன்னெண்டு நிக்குது. வருசா வருசம் ஆட்டுப்பட்டிக்குக் கம்பு வெட்டிக்கிட்டு இருந்தேன். நாளைக்கே போய் எண்ணிப் பாக்குறேன். அண்ணாச்சி, பொன்னரளியும் எங்க தோட்டத்துல நல்ல கனத்துல இருக்கு, அது கடைசலுக்கு ஆகுமா?

அம்பை_கடைசல்

தம்பி, அரளி எதுவும் வேண்டாம். பொன்னரளி, செவ்வரளி ரெண்டும் வேர்ல இருந்து விதை வரைக்கும் விஷம். பிள்ளைய வாயில வைக்குத சாமானுக்கோ, சாப்பாட்டுச் சாமானுக்கோ நெனைச்சுக்கூடப் பாக்காதீங்க. தூசியும் மூக்குல போகப்பிடாது.

நாகமலை அண்ணாச்சி, கடம்புக்கு வழி சொல்லுதேன்னேன்ல. அதைக் காய வச்சுக் கடையாதீங்க, பச்சையாவே கடைங்க. உருட்டுக்கட்டைய நடுக்குருத்து வழியாப் பொளந்து அந்தக் குருத்தைத் தள்ளிருங்க. அது உள்ள இருந்தா எந்தக் கிண்ணமும் வெடிக்கும். ஒரு சாண் கிண்ணம்னா சொவர ரெண்டு செண்டிமீட்டர் கனத்துக்கு உட்டு முரட்டுக் கடைசல் போடுங்க. காகிதப் பையில அந்த ஈரச் சீவலோட போட்டு வச்சு, வாரத்துக்கு ஒருக்க எடுத்துப் பாருங்க. அது முட்டை மாதிரிக் கோணும், பயப்படாதீங்க. வளையம் சுத்திப் போற பக்கம் ஏறக்கொறைய ரெண்டு பங்கு சுருங்கும், குறுக்க அவ்வளவு சுருங்காது. அந்தக் கோணலைச் சரி பண்ணத்தான் கனம் உடச் சொன்னது. நாலு மாசம் கழிச்சு ரெண்டாங் கடைசல். கடைசி உளிக்கு முன்னாடி அரக்குக் கரைசல் மெலிசா ஒரு கோட்டு அடிச்சுக் காய உட்டா எழும்புத நாரெல்லாம் வெறைச்சு நிக்கும், அப்பம் சீவுனா வழவழன்னு வரும். அதுக்கு உளி அன்னைக்கு அப்பதான் தீட்டுனதா இருக்கணும்.

இன்னொண்ணு, இது உளுத்துப் போற மரம். சாமானா ஆக்காத பலகைய போராக்சும் போரிக் அமிலமும் கரைச்ச தண்ணியில ஊறப் போடுங்க. அதுல சாப்பாட்டுப் பாத்திரம் பண்ணப்பிடாது.

நாகமலைக்காரன்

எல்லாருக்கும் கும்பிடு. கடம்பை நேற்று எடுத்தோம். அம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்து, அடியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மெஷின் சத்தம் நின்ற பிறகுதான் வெளியே வந்தார். பலகையாக அறுத்தது போக பன்னிரண்டு கிண்ணத்துக்குக் கட்டை தேறியது. அன்று சாயந்திரமே இரண்டுக்கு முரட்டுக் கடைசல் போட்டேன். ஈரம் முகத்தில் தெறித்தது.

வெட்பாலையில் சாய்ந்த தண்டு மட்டும்தான். பட்டை உரித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. இப்படி ஒரு வெள்ளையை வேலியில் விட்டுவைத்திருந்தேன். அக்கா, மாடியில் பாட்டிலும் வைத்தாயிற்று.

நாகமலைக்காரன் (ஐந்து மாதம் கழித்து)

இந்த இழையை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடம்பில் பன்னிரண்டில் எட்டு நின்றது. மூன்று வெடித்தன, மூன்றிலும் குருத்தை நான் சரியாக எடுக்கவில்லை. ஒன்றில் பூசணம். எட்டில் ஒன்றை நேற்று ரெண்டாங் கடைசல் போட்டு, அண்ணாச்சி சொன்னபடி அரக்குக் கரைசல் அடித்து முடித்தேன். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பூஜை அறையில் பூ வைக்கும் தட்டாக இருக்கிறது.

வெட்பாலையில் ஒரு குங்குமச் சிமிழ். மூன்று விரல் உயரம். நெறம் ஏற்றவில்லை. லேத் சுற்றும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகிப் படிகிறது, மேலே தாழை மடலால் தேய்க்கச் சொல்லி அண்ணாச்சி போனில் சொன்னார். ஈரமில்லாத தாழை கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. தேய்த்ததும் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. மூடி "டப்" என்று ஒரு சத்தத்தோடு உட்காருகிறது. அம்மா அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

அம்பை_கடைசல்

படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன் அண்ணாச்சி. உதடு ஒரே கனமா வந்துருக்கு, மொதச் சிமிழுக்கு இது பெரிய காரியம். ஒண்ணே ஒண்ணு. அடைமழை வருது. மரம் ஈரம் குடிச்சு மூடி இறுகும். அம்மா நகத்தை உட்டுத் தெறக்கப் பாத்தாவன்னா உதடு சில்லாப் போயிரும். மூடியோட உள்வாய நைசு உப்புத்தாள்ல ரெண்டே சுத்து, அதுக்கு மேல வேண்டாம்.

தெப்பக்குளத்து_அக்கா

எண்ணெய் ஊதாவா மாறுச்சா? அதைச் சொல்லவே இல்லையே.

நாகமலைக்காரன்

மூன்றாம் நாளே மாறிவிட்டது அக்கா. அம்மா தலைக்குத் தேய்க்கிறார். உங்களுக்கு ஒரு பை இலை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளம் பக்கம் வருகிறேன். அண்ணாச்சி, உப்புத்தாள் இன்றே போட்டுவிடுகிறேன். வெட்டிய அடியில் ஏழு துளிர் வந்திருக்கிறது, எதை விடுவது, எதைக் கிள்ளுவது?

அம்பை_கடைசல்

நேரா நிக்குத ரெண்ட உடுங்க. மத்ததக் கிள்ளிருங்க, ஆடு எட்டாத மாதிரி முள்ளு வச்சு அடைச்சிருங்க.

மேலூர்_தோப்பு

அண்ணே, காய் முத்தி வெடிக்கும் முன்ன துணி கட்டி விட்டீங்கன்னா பஞ்சோட விதை பறக்காது. ஒரு கைப்பிடி எனக்கு. எங்க கரையில நின்னதுல மூணுதான் மிஞ்சியிருக்கு.